மணியும் வைக்கோலும்: பாளையக்காரர்களின் தந்தி

ஆங்கிலேயப் படை கிளம்பிவிட்டது என்று 1775 ஏப்ரல் 18 இரவு குதிரையேறிப் போய்ச் சொன்ன பால் ரிவியரை அமெரிக்காவில் தெரியாதவர் இல்லை. கால் நூற்றாண்டு கழித்து நெல்லைச் சீமைப் பாளையக்காரர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியோடு மோதியபோது சேதி எப்படிப் போனது? குதிரையும் உண்டு, ஓட்டக்காரனும் உண்டு. ஆனால் இரண்டையும் முந்தக்கூடிய ஏற்பாடு ஒன்று இங்கே இருந்ததாகச் சொல்வார்கள்: மணி மண்டபம்.

திருச்செந்தூரில் உச்சிக்காலப் பூசை முடிந்தது தெரிந்த பிறகே பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் சாப்பாட்டில் கை வைப்பாராம். அதற்காகப் பாஞ்சாலங்குறிச்சி வரை வழிநெடுக மண்டபம் கட்டி மணி தொங்கவிட்டார் என்பது செவிவழிச் செய்தி. திருமலை நாயக்கருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இதே கதை உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இடைவெளி ஏறத்தாழ 50 கி.மீ. ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகும். 2 கி.மீ.க்கு ஒரு மணி, கேட்டவன் கயிற்றை இழுக்கப் பத்து விநாடி என்று வைத்தாலும் ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குதிரைக்குச் சில மணி நேரமாவது வேண்டும்.

ஆனால் மணிக்கு ஒரே ஒரு சேதிதான் தெரியும். எத்தனை பேர், எந்தப் பாதை, பீரங்கி உண்டா என்பதையெல்லாம் ஆள் வந்துதான் சொல்ல வேண்டும்.

ஆட்கள் எவ்வளவு வேகமாகப் போனார்கள் என்பதற்கு ஓர் இரவைப் பார்க்கலாம்: 1801 பிப்ரவரி 2. பாளையங்கோட்டையில் வெள்ளைக்கார அதிகாரிகள் விருந்தில் இருந்த நேரம். மாறுவேடத்தில், ஆயுதங்களை மறைத்துக்கொண்டு வந்த தங்கள் ஆட்களின் துணையோடு காவலை மடக்கி, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் மற்றவர்களும் சிறையிலிருந்து வெளியேறினார்கள். சுமார் 30 மைல், விடிவதற்குள் பாஞ்சாலங்குறிச்சி! ஆலங்குளத்துக்கு வடக்கே, சங்கரன்கோவிலில் முகாமிட்டிருந்த கம்பெனிப் படை திரண்டு அங்கே போய்ச் சேர்ந்தது பிப்ரவரி 9ஆம் தேதி. அதற்குள் இடிந்த கோட்டை எழும்பி நின்றது, ஆயிரக்கணக்கில் ஆள் சேர்ந்துவிட்டது.

வாய் பேசாத ஊமைத்துரை கட்டளையிட்ட விதம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பு. எதிர்த்துப் போரிட்ட கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷே அதை எழுதி வைத்திருக்கிறார். வைக்கோல் துணுக்குகளை இடது உள்ளங்கையில் அடுக்குவாராம். அதுதான் வெள்ளைக்காரப் படை. நேரம் முதலானவற்றைச் சைகையில் சொல்லிவிட்டு, வாயால் 'விஸ்' என்று ஒலியெழுப்பி, மற்ற கையால் ஒரே வீச்சில் துடைத்துத் தள்ளுவார். பாய்வதற்கு உத்தரவு அது!

மார்ச் 31 தாக்குதலில் கம்பெனி பலத்த அடி வாங்கிப் பின்வாங்கியது. கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்த பிறகே, மே 24இல், கோட்டை விழுந்தது.