கல்லில் ஒருவன் பெயர்: திருமறையைத் தனக்குரியதாக வாசித்தல்

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையின் முடிவில், வாக்குத்தத்த அட்டைகள் வைத்த தட்டு சபையாரிடையே செல்வதை நாம் அறிவோம். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரச் சபைகளிலும் இவ்வழக்கம் ஆழ வேரூன்றியுள்ளது. ஓர் அட்டையை எடுப்பவர், அதிலுள்ள வசனத்தை அவ்வாண்டு முழுவதற்கும் ஆண்டவர் தமக்கென்றே அளித்த சொல்லாகப் பெற்றுக்கொள்கிறார். இறையியல் கல்லூரியில் பயின்று வரும் இளம் ஆயர் இதைக் கண்டு முகஞ்சுளிப்பதுண்டு. வசனம் யாருக்கு, எச்சூழலில் உரைக்கப்பட்டது என்று கேட்கப் பழகிய அவருக்கு இது சீட்டெடுப்பதைப் போலத் தோன்றுகிறது. சபையாருக்கோ அவருடைய அருளுரை, பிறர் வீட்டுக் கடிதத்தை உரக்கப் படிப்பதைப் போலத் தோன்றுகிறது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. "இவ்வசனம் எனக்கு என்ன சொல்லுகிறது?" என்னும் வினா திருமறை வாசிப்பின் உயிர்நாடி, அதை ஏளனம் செய்யும் ஆயர் விரைவில் கேட்போரின்றிப் பேச நேரும். ஆயினும் அவ்வினாவுக்கு நாம் பெறும் விடையெல்லாம் திருமறையின் விடையாகிவிடாது. தனக்குரிய பொருள் எங்கே பிறக்கிறது என்பதே நாம் இங்கு ஆராய விரும்புவது.

சில ஆண்டுகளுக்கு முன் நுரையீரல் நோயுற்ற ஒருவரை மருத்துவமனையில் சந்தித்து, 91ஆம் சங்கீதத்தை வாசித்து ஜெபித்தேன். நோயாளர் சந்திப்பில் நமக்கு எப்போதும் கைகொடுக்கும் பகுதி அது. சிந்தியாமலே விரல் அப்பக்கத்தைத் திருப்பிவிடும். வாசித்து முடித்ததும் அவர் பக்கத்துக் கட்டிலைக் காட்டினார். அது காலியாக இருந்தது. "ஐயா, அவரும் தினமும் இதைத்தான் வாசித்தார். முந்தாநாள் இறந்துபோனார். பக்கத்தில் ஆயிரம் பேர் விழுவதாக வருகிறதே, அந்த ஆயிரத்தில் ஒருவரா அவர்?" என்று கேட்டார். நான் ஏதோ மறுமொழி கூறினேன். என்ன கூறினேன் என்பது நினைவில் இல்லை. நினைவில் நிற்கத்தக்கதாக அது இருந்திராது.

வீடு திரும்பிய பின்னரே ஒன்று உறைத்தது. நற்செய்தி நூல்களில் இச்சங்கீதத்தை ஒருவரிடம் நேரே சுட்டி, "இது உனக்காக எழுதப்பட்டது" என்று எடுத்துரைப்பவன் சோதனைக்காரனே. தேவாலயத்து உப்பரிகையில் அவன் நம் ஆண்டவருக்கு எடுத்துக்காட்டியவை 91ஆம் சங்கீதத்தின் 11, 12ஆம் வசனங்கள் (மத்தேயு 4:6). அவ்வாறு எடுத்துக்காட்டுகையில், வழிகளிலெல்லாம் காக்கப்படுவதைப் பற்றிய சொற்களை அவன் விட்டுவிடுகிறான். நடக்கவேண்டிய வழி மறைந்து, குதித்தால் தாங்கும் கைகள் மட்டும் எஞ்சுகின்றன. இயேசு பெருமான் அவ்வசனத்தை மறுக்கவில்லை. உபாகமம் 6:16ஐ அதனருகே வைத்தார். அது தனியொருவனுக்கு உரைத்த சொல்லன்று. மாசாவில் தாகத்தால் முறுமுறுத்த ஒரு மக்களினத்துக்கு உரைத்தது. அதைத் தம்முடையதாக ஏற்று, அம்மக்களோடு அவர் தம்மையும் நிறுத்திக்கொண்டார். ஒரே திருமறையைக் கொண்டு செய்த இருவகை வாசிப்புகள் இவை. ஒன்று பிறரிடமிருந்து என்னைப் பிரித்து உயர்த்துகிறது. மற்றொன்று பிறர் நின்ற இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இவ்வேறுபாட்டை எனக்குத் தெளிவாக்கியது ஒரு கல். தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டியில் பரங்கிமலையைக் காணாதவர் நம்மில் இல்லை. ஆர்மீனிய வணிகரான பெத்ரூஸ் உஸ்கான் 18ஆம் நூற்றாண்டில் அமைத்த படிகளின் வழியே ஏறினால், உச்சியிலுள்ள கத்தோலிக்க ஆலயத்தின் பீடத்தில் அக்கற்சிலுவையைக் காணலாம். நம் சபையார் பலர் அங்கே சென்றதில்லை. திருவுருவங்களைக் குறித்த நம் கூச்சமே காரணம் எனலாம். இக்கல்லில் கூசுவதற்கு ஒன்றுமில்லை. சிலுவையில் ஆண்டவரின் உடல் செதுக்கப்படவில்லை. கைகளின் முனைகள் மொட்டுப்போல் விரிகின்றன. மேலே ஒரு புறா இறங்குகிறது. அடியில் இலைகள் விரிகின்றன. அவற்றைத் தாமரை என்பாரும் உளர். இவற்றைச் சுற்றி, வளைவின் மேல் ஒரு வரி எழுத்து ஓடுகிறது.

1547இல் போர்த்துக்கீசியர் அம்மலைமேல் அகழ்ந்தபோது இக்கல் வெளிப்பட்டது. அவ்வெழுத்தை அங்கு ஒருவராலும் வாசிக்க இயலவில்லை. 1558ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் திருப்பலி வேளையில் அக்கல் குருதி வியர்த்ததாகச் செய்தி பரவிய பின், எழுத்தின் பொருளை அறியும் ஆவல் பெருகிற்று. பிராமண அறிஞர் ஒருவர் அழைக்கப்பட்டு, அதனை வாசித்து நீண்டதொரு விளக்கம் அளித்தார் என்று அக்கால நூல்கள் கூறுகின்றன. அவ்விளக்கத்தில் இறைமகனின் மனித அவதாரமும், தோமாவின் வருகையும், இரத்தச்சாட்சி மரணமும் எல்லாம் இடம்பெற்றிருந்தன! கேட்டவர்கள் எதைக் கேட்க விரும்பினார்களோ, அதுவே கல்லிலிருந்து வந்தது. அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை இரவுகளில் நாமும் அப்பணியைச் செய்திருக்கிறோம்.

அவ்வெழுத்து பழம் பாரசீகத் திருச்சபையினர் வழங்கிய பஹ்லவி என்பதை 1873இல் பர்னல் எடுத்துக்காட்டினார். ஆனால் அவரும் அதில் கிறிஸ்துவின் பாடுகளையும் தெய்வத்துவத்தையும் பற்றிய ஒரு கோட்பாட்டு அறிக்கையையே கண்டார். 1920களின் இறுதியில் விங்க்வொர்த் என்னும் அறிஞர் வேறொரு வாசிப்பை முன்வைத்தார். அதன்படி இது கோட்பாடும் அன்று, வரலாறும் அன்று. ஒரு மனிதனின் விண்ணப்பம். சகார்புக்த் என்பவரின் மகனாகிய அப்ராஸ் என்னும் சீரியன், இதைச் செதுக்கியவன், தன்மேல் இரங்கும்படி ஆண்டவராகிய மெசியாவை வேண்டுகிறான். பெயரை வாசிப்பதிலும் இறுதிச் சொல்லிலும் அறிஞரிடையே வேறுபாடுகள் உண்டு. எனினும் இரக்கத்துக்கான மன்றாட்டு என்னும் கருத்தைப் பின்வந்த ஆய்வாளர் பலர் ஏற்றுள்ளனர்.

முந்நூறாண்டுக்கு மேலாகப் பெரியதொரு மறைபொருளைத் தேடியவர்களுக்குக் கிடைத்தது இவ்வளவே. ஏமாற்றமாகத் தோன்றலாம். எனக்கு அது ஏமாற்றமாகத் தோன்றவில்லை. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன், தாய்நாட்டைக் கடந்து வந்த ஒருவன், தன் பெயரையும் தந்தையின் பெயரையும் சொல்லி நிற்கிறான். எரிகோ வழியருகே அவ்வாறே நின்ற ஒருவரை நாம் அறிவோம். மத்தேயுவும் லூக்காவும் பெயரின்றிக் குறிப்பிடும் பார்வையற்றோரை எண்ணிப் பாருங்கள். மாற்கு மட்டும் அவர் திமேயுவின் மகன் பர்திமேயு என்கிறார் (மாற்கு 10:46). அவர் கேட்டதும் இரக்கமே. கூட்டத்தார் அவரை அதட்டினார்கள். தனியொருவனின் கூக்குரல் ஊர்வலத்துக்கு இடையூறு என்று எண்ணினார்கள் போலும்.

இதில் இன்னொரு செய்தியும் அடங்கியுள்ளது. கேரளத்தில் கோட்டயம், முட்டுச்சிறை, கடமற்றம் ஆகிய இடங்களிலும் இத்தகைய சிலுவைகள் உள்ளன. இதே வாசகம் அவற்றிலும் வருகிறது. மூலம் பரங்கிமலைக் கல்லே என்பது பலருடைய கருத்து. அவ்வாறாயின், அப்ராஸை அறியாத சபைகள் அவனுடைய சொந்த விண்ணப்பத்தை அவன் பெயரோடேயே தங்கள் பீடங்களில் செதுக்கிக்கொண்டன. அவர்களுள் எத்தனை பேருக்கு அவ்வெழுத்து விளங்கிற்றோ! மிகத் தனிப்பட்டதாகிய சொல்லே சபைக்குப் பொதுச் சொல்லாயிற்று. நம் சங்கீதங்களும் அவ்வழியே அல்லவா நம்மை வந்தடைந்தன? ஆகவே, தனக்குரிய பொருளைக் காண்பதென்பது வசனத்திலிருந்து முன்னவர் பெயரை அழித்து என் பெயரை எழுதுவதன்று. அவர் பெயர் அங்கேயே நிற்க, அதன் அருகே நானும் நிற்பதாகும். முன்னவர் யாரென்று அறியும் வரலாற்று ஆராய்ச்சி இதற்குப் பகையன்று. அருகே நிற்க இடங்காட்டுவதே அது.

கலைஞர்களிடமும் இதைக் காண்கிறோம். கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் நிறுவிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்த சிற்பி பி. வி. ஜானகிராம், கோயில் திருமேனிகளுக்குச் சாத்தும் கவசங்களைப் போல் உலோகத் தகட்டைத் தட்டி கிறிஸ்துவின் உருவையும் படைத்தார். கிறிஸ்தவர் அல்லாத அவர் தம் கைக்குப் பழகிய மரபைக் கைவிடவில்லை. சிலுவையில் தொங்கியவரின் வேதனையையும் மறைக்கவில்லை. நம் ஆலயங்களில் தொங்கும் மேனாட்டு அச்சுப் படங்களைவிட இத்தகைய படைப்புகள் நமக்கு நெருக்கமானவை என்பது என் எண்ணம். எல்லாரும் உடன்படமாட்டார்கள்.

அன்றாட வாழ்வுக்கு வருவோம். வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி இடம்பெறும் ஒரு வசனம் எரேமியா 29:11. அது பாபிலோனில் சிறையிருந்தோருக்கு எழுதிய மடலின் ஒரு பகுதி. முந்திய அதிகாரத்தில் இரண்டே ஆண்டுகளில் மீட்பு என்று அனனியா உரைக்கிறான். எரேமியாவோ எழுபது ஆண்டுகள் என்கிறார். அதுவரை வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அந்நகரத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எழுதுகிறார். தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காக வந்து, கடன்பட்டு முடிச்சூரிலோ வரதராஜபுரத்திலோ வீடு கட்டிய குடும்பம் ஒன்று இவ்வசனத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2015 டிசம்பரின் தொடக்கத்தில் அடையாறு பெருகி அப்பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தபோது, அச்சட்டமும் நனைந்திருக்கும். வசனம் பொய்த்ததா? 11ஆம் வசனத்தை மட்டும் வைத்திருப்போர்க்கு அவ்வினாவுக்கு விடையில்லை. 7ஆம் வசனத்தையும் சேர்த்து வாசிப்பவருக்கு, அண்டை வீட்டாரையும், அடைபட்ட ஏரி வடிகாலையும், உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுக்கவேண்டிய மனுவையும் அம்மடல் சுட்டுகிறது. நகரத்தின் நலனில்தான் உங்கள் நலன் என்கிறது. வடிகாலைப் பற்றிய வாக்குத்தத்த அட்டை எங்கும் அச்சிடப்படுவதில்லை.

அந்நோயாளரிடம் நான் மீண்டும் சென்றேன். இம்முறை சங்கீதத்தைத் திறக்கவில்லை. பரங்கிமலையை வண்டியிலிருந்து பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டு, அக்கல்லைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்களை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். உறங்கிவிட்டார் என்றே எண்ணினேன்.

"அந்த மனிதருக்கு என்ன நோய், ஐயா?" என்றார்.

கல்லில் அது எழுதப்படவில்லை என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு ஜெபிக்கலாமா என்று அவரே கேட்டார். நான் தொடங்குவதற்குள் அவர் தம் பெயரைச் சொன்னார்; தம் தந்தையின் பெயரைச் சொன்னார்; பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் பெயரையும் சொன்னார்.