வட அமெரிக்கப் பொறிவண்டுகளை இனங்காணல்

1989ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலம் ஒன்பது புள்ளிப் பொறிவண்டைத் தன் மாநிலப் பூச்சியாகச் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. ஆனால் 1982ஆம் ஆண்டின் பின் அம்மாநிலத்தில் அவ்வண்டைக் கண்டவர் எவருமிலர். ஒரு காலத்தில் வடகிழக்கு மாநிலங்களின் வயல்களெங்கும் மலிந்திருந்த பூச்சி அது. சிவந்த முதுகிற் கரும்புள்ளி தாங்கிய வண்டுகள் முன்போலவே வயல்களில் திரிந்தமையால், ஓர் இனம் மறைய வேறோர் இனம் அதன் இடத்தில் வந்தமர்ந்ததைப் பொதுமக்கள் உணர்ந்திலர். புள்ளிகளை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

பொறிவண்டுகள் கொக்சினெல்லிடே என்னும் குடும்பத்தைச் சார்ந்தவை. உலகில் ஏறத்தாழ 6,000 இனங்கள் உள. மெக்சிக்கோவுக்கு வடக்கேயுள்ள அமெரிக்க நிலப்பரப்பில் 470க்கு மேற்பட்டவை வாழ்கின்றன. இவற்றையெல்லாம் திரட்டி றொபேட் கோடன் என்னும் அறிஞர் 1985இல் வெளியிட்ட பெருநூலே இன்றும் ஆய்வாளர்க்கு அடிப்படையாயுள்ளது.

இலை தின்னும் வண்டுகள் சிலவும் புள்ளியுடையனவாய் உருண்டிருத்தலின், முதலில் அவற்றினின்றும் பொறிவண்டைப் பிரித்தறிதல் வேண்டும். இலைவண்டின் உணர்கொம்பு நூல்போல் நீண்டது; பொறிவண்டினதோ குறுகி நுனியில் தடித்தது. பாதமும் ஓர் அடையாளமாகும். பொறிவண்டின் பாதத்தில் மூன்று கணுக்களே தோன்றும். உண்மையில் அவை நான்கு. மூன்றாவது மிகச் சிறிதாய் இரண்டாவதன் மடலிடையே மறைந்துகிடக்கும். 1850இல் இக்குடும்பத்தை விரிவாக ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் முல்சான் தம் நூலின் தலைப்பிலேயே இவற்றை ‘முக்கணுப் பாத வண்டுகள்’ என்னும் பொருள்படக் குறித்தார். கண் காட்டியதைக் கொண்டு பெயரிட்ட காலம் அது.

இனத்தைத் துணிவதற்குப் புள்ளிகளை மாத்திரம் நம்புதல் தகாது. புள்ளிகளின் தொகை வண்டின் வயதைக் காட்டும் என்பது வெறும் கட்டுக்கதை. கூட்டுப்புழு நிலையினின்றும் புதிதாய் வெளிவந்த வண்டு வெளிறிய மஞ்சள் நிறமாயிருக்கும். சில மணி நேரத்திற் புள்ளிகள் தோன்றியபின் அவற்றின் தொகை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆயினும் ஓரினத்துள்ளேயே வண்டுக்கு வண்டு அத்தொகை வேறுபடும். ஹிப்போடாமியா கொன்வேர்ஜென்ஸ் என்னும் இனத்திற் பதின்மூன்று புள்ளி உடையனவும் உண்டு. புள்ளியே இல்லாதனவும் உண்டு. இரண்டையும் ஓரினமென்று காட்டுவது தலைக்குப் பின்னுள்ள முன்மார்புத் தகடு. அதன் கரிய பரப்பில் இரு வெண்கோடுகள் ஒன்றையொன்று நாடிச் சாய்ந்து நிற்கும். ஆசியாவிலிருந்து வந்த ஹார்மோனியா அக்சிரிடிஸ் என்பதன் வெளிறிய தகட்டில் ஆங்கில ‘எம்’ எழுத்துப் போன்ற கருங்குறி பெரும்பாலும் காணப்படும். அவ்வண்டு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, கருமை எனப் பல நிறங்களில் வருவதால், இத்தகட்டை நோக்காது இனங்கூறப் புகுபவர் ஒன்றைப் பலவாக எண்ணி இடர்ப்படுவர். இளஞ்சிவப்பு நிறமும் நீள்வடிவமும் கொண்டு, மகரந்தத்தையும் விரும்பி உண்ணும் கோலியோமெகில்லா மக்குலாட்டா இத்தகைய ஐயத்துக்கு இடந்தராது.

இவையெல்லாம் கண்ணுக்குப் புலனாகும் பெரிய வண்டுகள். இனங்களிற் பெரும்பகுதியோ மூன்று மில்லிமீற்றருக்கும் குறைந்த, மயிரடர்ந்த, மங்கல் நிறச் சிறு வண்டுகளே. ஸ்கிம்னஸ் சாதியைச் சார்ந்த இவற்றுட் பலவற்றை, ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுணுக்குக்காட்டியில் நோக்கினாலன்றித் துணிதல் அரிது.

வண்டுகளைத் திரட்டுதற்குப் பெருங் கருவிகள் வேண்டுவதில்லை. கிளையின்கீழ் வெள்ளைத் துணியை விரித்துக் கோலால் தட்டலாம். புல்வெளியில் வலையை வீசிச் செல்லலாம். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லை ஒன்று போதும். கையிலெடுத்தால் காலின் மூட்டுக்களிலிருந்து கசப்பான மஞ்சள் நீர் கசியும். பகையை விலக்கும் உபாயம் அது. கண்ட இடம், நாள், செடி, அதிலிருந்த அழுக்கணவன் ஆகியவற்றை உடனே குறித்தல் இன்றியமையாதது. குடம்பியையும் புறக்கணித்தலாகாது. முதலையை ஒத்த அதன் வடிவத்தைக் கண்டு பயிரழிக்கும் புழுவெனக் கருதி நசுக்குவோர் உளர். அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. மெக்சிக்கோ அவரை வண்டு என்னும் பொறிவண்டு இலையையே தின்கிறது. நம் நாட்டுக் கத்தரிச் செடிகளைச் சல்லடையாக்கும் புள்ளிவண்டு அதற்கு நெருங்கிய உறவினதே. ஆனால் பெரும்பாலானவை உழவனுக்குத் துணைவர்.

அத்துணையின் பெருமையை உலகறியச் செய்தது கலிபோணியா. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த பஞ்சுச் செதிற்பூச்சி அங்குள்ள தோடைத் தோட்டங்களை அழித்தபொழுது, அல்பேட் கோபெலே என்பவர் 1888இல் அந்நாட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் லொஸ் ஏஞ்செல்சுக்கு அனுப்பிவைத்த ரொடோலியா கார்டினாலிஸ் வண்டுகள் 129 மாத்திரமே. இரண்டாண்டுகளுக்குள் அவற்றின் வழித்தோன்றல்கள் அத்தொழிலை மீட்டுக்கொடுத்தன.

அவ்வெற்றி வேறு பல வண்டுகளையும் கொணரத் தூண்டிற்று. அவையெல்லாம் அதனைப்போல் நலமே செய்தன என்று கூறவியலாது. ஐரோப்பாவின் ஏழு புள்ளி வண்டு 1973இல் நியூ ஜேர்சியில் நிலைபெற்றிருக்கக் காணப்பட்டது. 1916 முதல் பன்முறை விடப்பட்ட ஹார்மோனியா 1988இல் லூயிசியானாவில் வேரூன்றியமை தெரியவந்தது. அது இன்று குளிர்காலத்தில் வீடுகளுட் கூட்டமாய்ப் புகுந்து தொல்லை தருகிறது. இவை பரவிய காலத்தை ஒட்டியே ஒன்பது புள்ளி வண்டும் இரு புள்ளி வண்டும் அருகின. இரைக்குப் போட்டியோ, நோயோ, வேளாண்மை மாறியதோ காரணம் என்பதில் அறிஞர் இன்னும் உடன்பட்டிலர்.

இந்நிலையில், கோர்ணெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜோன் லோசியும் பிறரும் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய தேடலிற் பொதுமக்களையும் பள்ளிச் சிறாரையும் சேர்த்துக்கொண்டனர். வண்டைக் கொல்லாது ஒளிப்படமெடுத்து அனுப்புதலே அவர் பணி. இனத்தைத் துணிதல் அறிஞர் பணி. 2006இல் வேர்ஜீனியாவில் இரு சிறுவர் அனுப்பிய படத்தில், கிழக்கு மாநிலங்களிற் பதினான்கு ஆண்டுகளாய்க் காணப்படாத ஒன்பது புள்ளி வண்டு இருந்தது. ஒவ்வொரு முன்சிறகிலும் நான்கு புள்ளி, நடுவே இரண்டுக்கும் பொதுவாய் ஒன்று. 2011இல் நியூயோர்க்கின் லோங் ஐலண்டில், அமகன்செற் என்னும் ஊர்ப் பண்ணையொன்றில் மேலும் ஒன்று அகப்பட்டது. அப்பண்ணையில் அவ்வினம் கூட்டமாகவே வாழ்ந்தமை பின்னர் நடந்த தேடலிற் புலனாயிற்று.