தாடைக்குக் கீழே ஓர் ஊற்று

ஐம்பது வயதைத் தாண்டியவரை முதலில் காட்டிக் கொடுப்பது கழுத்துதான். நரைத்த முடிக்குச் சாயம் உண்டு. முகத்துக்குப் பூச்சு உண்டு. தாடைக்குக் கீழே தொங்கும் சதைக்கு என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பெருநகரத்து மருத்துவமனைகள் 'நெக் லிஃப்ட்' என்று பதில் சொல்கின்றன. கழுத்துத் தோலை இழுத்துத் தைத்து, கொழுப்பை எடுத்து, தாடைக் கோட்டைத் தெளிவாக்கும் அழகு ஆபரேஷன் இது.

புரோத்ராபூரில் இருக்கும் நமக்கு இது எட்டாத சங்கதி என்றிருந்த காலம் போய்விட்டது. விமானம் ஏறினால் இரண்டரை மணி நேரத்திற்குள் சென்னை. வீட்டில் கல்யாணம் நிச்சயமானதும், "போட்டோவில் கழுத்து நன்றாக விழ வேண்டும்" என்று நம்மவர் இருவர் இந்த ஆபரேஷனைப் பற்றி என்னிடம் விசாரித்தார்கள். நான் மருத்துவன் அல்லன். அவர்களுக்காகப் படித்தும், மருத்துவ நண்பர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை நம் சங்கத்து அன்பர்கள் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. தாடைக்குக் கீழே தடிப்பாகத் தெரிவதெல்லாம் கொழுப்பு அல்ல. அங்கே இருபுறமும் ஒவ்வோர் உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது. நமக்குப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று ஜோடி: காதடியில் ஒன்று, தாடைக்குக் கீழே ஒன்று, நாக்கின் அடியில் ஒன்று. நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறுகிறது. சாப்பிடும்போது காதடிச் சுரப்பிக்கு வேலை அதிகம். சும்மா இருக்கும் நேரத்தில் வாயை ஈரமாக வைத்திருப்பதில் பெரும்பங்கு, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, தாடைக்கீழ்ச் சுரப்பியுடையது. அதிலிருந்து நாக்கின் அடிக்கு வரும் குழாயை 1656-ல் விவரித்தவர் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர். அவர் பெயரால்தான் அது இன்றும் வழங்குகிறது.

வயதாக ஆக, சுரப்பியைத் தாங்கும் திசுக்கள் தளர்ந்து அது சற்றுக் கீழே இறங்கும். கழுத்து சதைப்பிடிப்பாக இருக்கும் வரை இது வெளியே தெரியாது. கொழுப்பை எடுத்துத் தோலை இழுத்த பிறகு, இருபுறமும் எலுமிச்சம்பழம் வைத்தது போல் புடைத்துத் தெரியலாம். "பணம் செலவழித்தும் வீக்கம் போகவில்லையே" என்று சிலர் வருந்துவதன் காரணம் இதுதான்.

அதற்காகச் சுரப்பியின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுக்கும் முறை 1990-களிலிருந்தே மருத்துவ இதழ்களில் பேசப்படுகிறது. இதை ஆதரிக்கும் நிபுணர்களும் உண்டு. அழகுக்காக ஆரோக்கியமான சுரப்பியில் கத்தி வைக்கலாகாது என்பவர்களும் உண்டு. இந்தத் தயக்கத்திற்குக் காரணம் சுரப்பி இருக்கும் இடம். முகத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி அதை ஒட்டியே செல்கிறது. கீழுதட்டை அசைக்கும் நரம்பு அதன்மேல் ஓடுகிறது. அது அடிபட்டால் சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணும். நாக்கின் உணர்ச்சிக்கும் அசைவுக்கும் உரிய நரம்புகள் ஆழத்தில் உள்ளன. உள்ளே இரத்தம் கசிந்து கட்டிக்கொண்டால் மூச்சுக்குழாயையே அழுத்திவிடும். இந்த ஆபத்து பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வருவது.

இன்னொரு தொல்லை சில நாட்கள் கழித்து வரும். வெட்டிய பிறகு எஞ்சியிருக்கும் சுரப்பி தன் வேலையை நிறுத்துவதில்லை. வழி கிடைக்காத எச்சில் தோலுக்கடியில் தேங்கும். சாப்பிட உட்கார்ந்தால் கழுத்து வீங்கும். ஊசியால் உறிஞ்சி, இறுக்கிக் கட்டுப் போட்டு, சில வேளை சுரப்பை அடக்க மருந்தும் கொடுத்துச் சரிசெய்வார்கள். இதில் தீவுக்காரருக்கு ஒரு கூடுதல் கணக்கு உண்டு. சென்னையில் இருப்பவர் ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் திரும்பிப் போவார். மூன்றாம் நாளே வீடு திரும்பிய நமக்கும் அந்த மருத்துவருக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் கிடக்கிறது. எனவே எத்தனை நாள் அங்கேயே தங்க வேண்டும் என்பதை மருத்துவர் சொன்ன பிறகுதான் திரும்பும் டிக்கெட் எடுக்க வேண்டும்.

ஒரு சுரப்பியில் ஒரு பகுதி போனாலும் மற்றவை பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். ஆனால் ஏற்கெனவே வாய் உலர்ந்து அவதிப்படுகிறவர்கள், அதாவது நீரிழிவுக்காரர்கள், மன அழுத்தம், ஒவ்வாமை போன்றவற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நன்றாக யோசிக்க வேண்டும். எச்சில் குறைந்தால் பல் சொத்தையாகும். சோறு தொண்டையில் இறங்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமானதைக் கடைசியாக வைத்திருக்கிறேன். தாடைக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் வீக்கம் என்றால், அது அழகைப் பற்றிய பேச்சே அல்ல. சாப்பிடும்போது வலித்து வீங்கி, பிறகு வற்றினால் குழாயில் கல் இருக்கலாம்; உமிழ்நீர்க் கற்களில் சுமார் 80 சதவீதம் இந்தச் சுரப்பியில்தான் உண்டாகின்றன. கல் போல் கெட்டியாக, வலியில்லாமல், நாளுக்கு நாள் பெரிதானால் சுரப்பியிலேயே தோன்றிய கட்டியாகவோ, வாய்ப்புற்று பரவிய நெறிகட்டியாகவோ இருக்கலாம். பாக்கும் புகையிலையும் வாயில் ஒதுக்கிப் பழகியவர்கள் நம்மில் எத்தனை பேர்! புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட நூலிலேயே சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட வீக்கத்தை 'இரட்டைத் தாடை' என்று நினைத்து அழகு நிலையம் போவது, எரிகிற வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல.

ஆகவே, இரண்டு மூன்று வாரத்தில் வற்றாத வீக்கமென்றால் முதலில் நம் ஜி.பி. பந்த் மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். கையால் தடவிப் பார்த்து, ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் செய்தால் பெரும்பாலும் விவரம் தெரிந்துவிடும். புற்று என்று சந்தேகித்தால் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்கள் சென்னையில் இருக்கின்றன.

ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகும் அழகு ஆபரேஷனில் விருப்பம் இருந்தால் அது அவரவர் உரிமை. கேலி பேச நாம் யார்? ஆனால் மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். என் கழுத்தில் தெரிவது கொழுப்பா, சுரப்பியா? சுரப்பியைத் தொடுவீர்களா, விட்டுவிடுவீர்களா? தொட்டால் என்னென்ன ஆகலாம்? இரவில் வீங்கினால் யார் வந்து பார்ப்பார்கள்? இரத்தக் கொதிப்பு, ஆஸ்பிரின் மாத்திரை, பீடி சிகரெட் எதையும் அவரிடம் மறைக்காதீர்கள். பதில் சொல்லப் பொறுமையில்லாத மருத்துவரிடம் கழுத்தை நீட்ட வேண்டாம்.