சேம அச்சு: பனிமலைப் பாதையில் ஒரு வண்டிக்கூட்டம்

நம் சங்க மலருக்கு இதுவரை வட்டெழுத்து, பள்ளிச்சந்தம், பழைய எடையளவுகள் என்றே எழுதி வந்த நான், இம்முறை மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் மலர்க் குழு நண்பர் சிரித்தார். "உங்களுக்கு எதுக்குங்க இந்த வயசுல?" என்றார். காரணம் இருக்கிறது. நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். கரோல்பாகில் முப்பத்தைந்து ஆண்டுகளாக மோட்டார் சைக்கிள் உதிரி பாகம் விற்பவன். கடையை மூடியபின் படித்ததுதான் என் தமிழ். கடையும் தமிழும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது ஒரு பாட்டில்.

புறநானூற்றின் 102ஆம் பாட்டு, ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடியது. அதில் உப்பு வணிகரான உமணர் வருகிறார்கள். அவர்களுடைய எருதுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. வண்டியிலோ பாரம் மிகுதி. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன ஆகுமோ, யாருக்குத் தெரியும்? அதனால் வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டி வைத்துக்கொண்டு புறப்படுவார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அரசனை அந்த அச்சுக்கு ஒப்பிடுகிறார் ஔவையார். உரையாசிரியர்கள் உவமையின் நயத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கோ, ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓர் உதிரி பாக வியாபாரம் கண்ணில் பட்டது!

வணிகர் கூட்டமாகச் சேர்ந்து வழிப்போவதற்குச் சாத்து என்று பெயர். கோவலனின் தகப்பனார் பெயரே மாசாத்துவான்தானே. ஒற்றையாகப் போனால் கள்வர் பயம், காட்டு வழியில் நோய் வந்தால் கேட்க நாதியில்லை. ஆகவே கூட்டம். இதெல்லாம் ஏட்டில் படித்தது. 2017 ஜூலையில்தான் கண்ணால் பார்த்தேன்.

அந்த ஆண்டு என் மகனும் அவனுடைய நண்பர்களும், எல்லாரும் தில்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள், மணாலி வழியாக லே நகருக்கு மோட்டார் சைக்கிளில் போகத் திட்டமிட்டார்கள். பதினொரு வண்டி, பதினான்கு பேர், பின்னால் சாமான் ஏற்றிய ஒரு ஜீப். உதிரி பாகங்கள் என் கடையிலிருந்து. "மாமா, நீங்களும் ஜீப்புல வாங்க, செலவுக் கணக்கை நீங்களே பார்த்துக்குங்க" என்றார்கள். எனக்கு அப்போது 56 வயது. பணப்பையை வாங்கிக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று அப்போது உறைக்கவில்லை.

வண்டிகளில் பாதிக்கு மேல் புல்லட். இங்கே ஒரு சிறு பெருமை. 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக நம் ராணுவம் இங்கிலாந்தின் 350 சிசி புல்லட்டுகளை வாங்கியது. அதன் தொடர்ச்சியாக 1955இல் அந்த ஆங்கிலக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உண்டாக்க, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இன்று இமயமலையில் கேட்கும் அந்த டப்-டப் சத்தத்துக்குப் பிறந்த ஊர் என்று நம் திருவொற்றியூரையும் சொல்லலாம்.

மணாலியிலிருந்து லே ஏறத்தாழ 475 கிலோமீட்டர். தூரம் பெரிதல்ல, உயரம்தான் பெரிது. மணாலி சுமார் 2,050 மீட்டர். ரோத்தங் கணவாய் 3,978. பிறகு இறங்கிக் கேலாங், ஜிஸ்பா என்ற ஊர்கள், 3,100க்கும் 3,200க்கும் இடையில். அப்புறம் பாரலாச்சா லா 4,890. லா என்றால் திபெத்திய மொழியில் கணவாய். அதற்கப்பால் கூடாரங்கள் நிறைந்த சார்ச்சு என்னும் வெளி, 4,290 மீட்டர். பின்னும் நகீ லா, லாச்சுலுங் லா, தங்லங் லா என்று மூன்று கணவாய்கள். கடைசியானது 5,328 மீட்டர். அதன்பிறகுதான் சிந்து நதிக்கரை, லே, 3,500 மீட்டர். வழியில் சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகள் கூடி செனாப் ஆகும் இடத்தில் தாண்டி என்றொரு ஊர். பெயரே நமக்குத் தமிழாகக் கேட்கிறது. அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டரில் என்று அங்கே பலகை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வண்டியிலும் டாங்கை நிரப்பியதோடு ஐந்து லிட்டர் கேனும் கட்டிக்கொண்டோம்.

புறப்படுமுன் பிள்ளைகள் செய்த ஒரு வேலை என்னை அசத்திவிட்டது. கிளட்ச் வயர் மலையில்தான் அறும், ஓயாமல் கிளட்ச் பிடிப்பதால். புது வயரைப் பெட்டியில் வைக்காமல், ஓடுகிற வயரின் பக்கத்திலேயே சேர்த்து டேப் சுற்றிக் கட்டிவிட்டார்கள். பழையது அறுந்தால் இரண்டு முனையையும் மாட்டினால் போதும், பத்து நிமிஷ வேலை. உமணர் அச்சை வண்டிக்குள் வைக்காமல் அடியில் கட்டினார்களே, அதே புத்தி.

கூட்டத்துக்குச் சட்டம் உண்டு. முன்னால் போகிறவருக்கு லீட், கடைசியில் வருகிறவருக்கு ஸ்வீப் என்று பெயர். கூட்டத்திலேயே கெட்டிக்கார ஓட்டுநர் முன்னால் போவார் என்றுதான் நான் நினைத்தேன். இல்லை, அவர் கடைசியில் வருகிறார், கருவிப் பையோடு. யாரும் அவருக்குப் பின்னால் போகக் கூடாது. ஒவ்வொருவரும் தன் கண்ணாடியில் தெரியும் பின் வண்டிக்குப் பொறுப்பு. அது தெரியாமல் போனால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அப்படியும் வராவிட்டால் நிற்க வேண்டும். பாதை பிரியும் இடத்தில் பின்னவன் முகம் தெரியும்வரை நகரக் கூடாது. மலையில் ஒற்றை வரிசைதான். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும், இது சாலை விதியிலேயே உள்ளது. எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு பிரேக்கையே நம்பினால், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

பாரலாச்சாவை நெருங்கும்போது வண்டிகள் கரும்புகை கக்கின. "மாமா, வண்டி இழுக்கவே மாட்டேங்குது!" காற்றில் ஆக்சிஜனின் பங்கு மலையிலும் அதே 21 விழுக்காடுதான். ஆனால் காற்றே மெலிந்துவிடுகிறது. சார்ச்சுவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 60 விழுக்காடு. தங்லங் லாவில் பாதியைச் சற்றே தாண்டும். பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது. காற்று குறைந்தாலும் கீழே ஊற்றிய அளவுக்கே பெட்ரோலை ஊற்றும். பெட்ரோல் முழுக்க எரியாமல் ஸ்பார்க் பிளக்கில் கரி பிடிக்கும். சிலர் ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிவார்கள், அது தவறு. மலைத்தூசி எஞ்சினைத் தின்றுவிடும். பிளக்கைத் துடைத்து, சின்ன கியரில் பொறுமையாக ஏறுவதே வழி. சின்ன ஜெட் இருந்தால் மாற்றலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபின் புது வண்டிகளில் எரிபொருளைச் செலுத்துவது ஃபியூயல் இன்ஜெக்ஷன். காற்றழுத்தத்தை உணர்ந்து தானே குறைத்துக்கொள்ளும். என் கடையில் ஜெட் வியாபாரம் படுத்துவிட்டது, அது வேறு கதை.

எஞ்சினுக்கு ஜெட் மாற்றலாம். உடம்புக்கு? உடம்பு தானே மாற்றிக்கொள்ளும், ஆனால் நாள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே போனபின், இரவு தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது மருத்துவர் சொல்லும் கணக்கு. பகலில் எவ்வளவு உயரம் தொட்டோம் என்பதைவிட எங்கே தூங்கினோம் என்பதே முக்கியம். இந்தப் பாதையில் ஜிஸ்பாவுக்கும் சார்ச்சுவுக்கும் நடுவில் 1,000 மீட்டர் ஏற்றம், இடையில் சரியான தங்குமிடம் இல்லை. ஆகவே எங்கள் குழுத் தலைவர் ஜிஸ்பாவில் இரண்டு இரவு என்று போட்டிருந்தார். நடுநாளில் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து தூங்க வேண்டும் என்பது திட்டம்.

அதை வெட்டியவன் நான். பதினான்கு பேருக்கு ஒரு நாள் அறை, சாப்பாடு, ஏறத்தாழ பதினைந்தாயிரம் ரூபாய். "எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க, சும்மா உட்கார்ந்து எதுக்குக் காசைக் கரைக்கணும்?" என்றேன். பெரியவர் சொல்கிறார் என்று பிள்ளைகள் தலையாட்டினார்கள். தலைவர் இரண்டு முறை மறுத்துச் சொன்னார். பணப்பை என்னிடம் இருந்தது.

மறுநாள் மாலை சார்ச்சு. நாங்கள் சமணர், பொழுது சாயுமுன் சாப்பிடுவது வழக்கம் என்பதால் நான் முன்னதாகவே அடுப்பு மூட்டச் சொன்னேன். அந்த உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது, அரிசி வேகவில்லை. குக்கர் இல்லாவிட்டால் பட்டினிதான். பாதிப் பேர் தலைவலி என்று சாப்பிடாமலே படுத்தார்கள்.

இரவு ஒரு மணிக்கு ஒரு பையனுக்கு மூச்சிரைப்பு. 23 வயது, கூட்டத்திலேயே நல்ல உடற்கட்டு. படுத்திருக்கும்போதே இரைத்தது, விடாத இருமல். தலைவர் அவனை எழுப்பி, குதிகாலின் முன் விரலை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நடையில் தள்ளாட்டம் இல்லை, ஆகவே மூளையைத் தொடவில்லை. ஆனால் சும்மா இருக்கும்போதே மூச்சிரைத்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். அதற்கு மருந்து ஒன்றுதான்: உடனே இறங்குவது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. புறப்படுமுன் சிலர் மருத்துவரைக் கேட்டு டயமாக்ஸ் மாத்திரை சாப்பிட்டிருந்தார்கள். அது உடம்பு பழகுவதற்கு உதவுமே தவிர, இறங்குவதற்கு மாற்று அல்ல. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் அதைத் தொடவே கூடாது.

ஆனால் எங்கே இறங்குவது? சார்ச்சுவின் வில்லங்கமே இதுதான். இரு பக்கமும் ஏறித்தான் இறங்க வேண்டும். சிலர் லே போகலாம், அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்றார்கள். அது 250 கிலோமீட்டர், மூன்று கணவாய். பின்னால் கேலாங் 105 கிலோமீட்டர், ஒரே கணவாய். அந்த ஒன்றுக்கும் 600 மீட்டர் ஏற வேண்டும். தலைவர் யோசிக்கவில்லை. "பின்னாடிதான்" என்றார். கூடாரக்காரரிடம் ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. பையனை ஜீப்பில் சாய்த்து உட்கார வைத்து, சிலிண்டரை மாட்டி, மூன்று மணிக்குக் கிளம்பினோம். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முந்தைய நாள் என் வாயிலிருந்து வந்த பதினைந்தாயிரம் என்ற சொல் வழியெல்லாம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒரே ஒரு விஷயம் எங்களுக்கு உதவியது. அந்தப் பாதையில் பாலமில்லாத ஓடைகள் சாலையின் குறுக்கே ஓடின. பகல் வெயிலில் பனி உருகி, பிற்பகலில் நீர் பெருகும். முந்தைய பகல் ஜிங்ஜிங்பார் பக்கம் முழங்கால் ஆழத்தில் வண்டிகளை ஆளுக்கு நாலு பேர் பிடித்துத் தள்ளினோம். இரவுக் குளிரில் உருகல் நின்றுவிடும். அதே ஓடை விடியற்காலையில் கணுக்கால் அளவுதான் இருந்தது, ஜீப் நிற்காமல் கடந்துவிட்டது. ஜிஸ்பா வந்தபோதே பையனின் மூச்சு கொஞ்சம் சீரானது. கேலாங் மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். தப்பித்தான்.

பதினோரு வண்டியில் ஒன்றுகூட லே போகவில்லை. ஒரு சின்னப் பையன் மட்டும், "நாங்க போயிட்டு வந்துடறோமே" என்று இழுத்தான். ஸ்வீப்பில் வந்தவர் அவனைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான். சாத்து என்பதற்கு எனக்குக் கிடைத்த உரை அந்தப் பார்வை.

இன்று பாதை சுலபமாகிவிட்டது. 2020 அக்டோபரில் ரோத்தங்கின் அடியில் 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை திறந்து, 46 கிலோமீட்டர் சுற்று குறைந்தது. நல்ல காரியம், லாகுல் மக்களுக்குப் பனிக்காலத்திலும் வெளியுலகத் தொடர்பு கிடைத்தது. ஆனால் நம் பிள்ளைகள் காலையில் மணாலியில் காபி குடித்துவிட்டு மாலையில் சார்ச்சுவில் படுக்கலாம் என்று கிளம்புகிறார்கள். ஒரே நாளில் தூங்கும் உயரம் 2,200 மீட்டர் கூடுகிறது. சாலை வேகமாகிவிட்டது, நுரையீரல் பழைய நுரையீரல்தான்.

மறு ஆண்டு, 2018இல், ஸ்ரீநகர் வழியாகப் போனோம். அது மெல்ல ஏறும் பாதை. ஸோஜி லா 3,528 மீட்டர், அப்புறம் கார்கிலில் தூங்கினால் 2,676தான். ஃபோத்து லா 4,108ஐப் பகலில் கடந்து லேயில் இறங்கிவிடலாம். மழைக்காலம் நான்கு மாதம் எங்கள் துறவியர் ஊர்விட்டு ஊர் போகமாட்டார்கள், நாமோ அதே மாதங்களில்தான் மலை ஏறுகிறோம் என்று என் மனைவி சொல்லிக் காட்டினாள். பணப்பையைத் தலைவரிடம் கொடுத்துவிட்டேன். திட்டத்தில் இரண்டு நாள் வெறும் நாளாகப் போட்டிருந்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. லேயில் முதல் இரண்டு நாளும் விடுதித் திண்ணையில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பையனும் வந்திருந்தான், மருத்துவரின் சம்மதத்தோடு, ஸ்வீப்புக்கு முந்தைய வண்டியில்.