எல்லையூரின் மக்கள்

நுழையும்முன்

ஓர் ஊரில் யார் யார் வாழ்கின்றனர் என்னும் வினா எளியதாகத் தோன்றும். அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், மொழி, இனம், சமயம், நிலம், அரசியல் எல்லை, வணிகம், புலம்பெயர்வு எனப் பல வாயில்கள் திறக்கும். மணிப்பூர் மாநிலத்தின் எல்லையிலுள்ள மோரே என்னும் சிற்றூரின் மக்கள்தொகை அமைப்பை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழரும் அவ்வூரின் ஒரு கூறாய் இருப்பதால், அவ்வாய்வு நமக்கும் நெருக்கமானது.

மோரேயின் இருப்பிடம்

மணிப்பூரின் தலைநகரான இம்பாலிலிருந்து ஏறத்தாழ 110 கி.மீ. தொலைவில், தெங்நௌபால் மாவட்டத்தில் அமைந்துள்ளது மோரே. எல்லையைக் கடந்தால் சில கிலோமீட்டர் தொலைவில் மியான்மர் நாட்டின் தமு நகரம் உள்ளது. இரண்டு ஊர்களும் நெடுங்காலமாக ஒன்றையொன்று சார்ந்தே வாழ்ந்து வந்துள்ளன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மோரேயில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 17,000 பேர். நம் மாநிலத்தின் பேரூராட்சி ஒன்றின் அளவே உடைய இவ்வூரில் குக்கி, மெய்தி, நாகர், மணிப்பூரி முஸ்லிம்களான பாங்கல், நேபாளியர், தமிழர், பஞ்சாபியர், பீகாரிலிருந்தும் இராஜஸ்தானிலிருந்தும் வந்த வணிகர் எனப் பல்வேறு சமூகத்தார் வாழ்ந்தனர். கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் குருத்வாராவும் இவ்வூரில் எழுந்தன.

எல்லைக்கோடும் மக்களும்

1826ஆம் ஆண்டு யாண்டபோ உடன்படிக்கைக்குப் பின்னர், 1834இல் ஆங்கிலேயர் கபா பள்ளத்தாக்கைப் பர்மாவுக்கு அளித்தனர். தமு நகரம் அப்பள்ளத்தாக்கிலேயே உள்ளது. இவ்வாறு வரையப்பட்ட எல்லைக்கோடு, மலைகளில் வாழ்ந்த மக்களைக் கேட்டு வரையப்பட்டதன்று. இதனால் குக்கி மக்களும் நாகர்களும் இரு நாடுகளிலும் பிரிந்து வாழ நேர்ந்தது. ஒரே குடியைச் சேர்ந்த உறவினர்கள் இருவேறு நாட்டின் குடிமக்களாயினர்.

இந்நிலையைக் கருத்திற்கொண்டே, எல்லையோர மக்கள் கடவுச்சீட்டின்றிக் குறிப்பிட்ட தொலைவுவரை சென்றுவர இரு நாடுகளும் இசைவளித்திருந்தன. அத்தொலைவு பின்னாளில் 16 கி.மீ. என வரையறுக்கப்பட்டது. இந்நடைமுறையை முடிவுக்குக் கொண்டுவருவதாக 2024 பிப்ரவரியில் இந்திய அரசு அறிவித்தது.

தமிழர் வந்த வழி

கடற்கரையே இல்லாத மணிப்பூரின் மலையடிவாரத்திற்குத் தமிழர் எவ்வாறு வந்தனர்? விடை பர்மாவின் வரலாற்றில் உள்ளது. 1937 வரை பர்மா, பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தது. நெல்வயல்களிலும் அரிசி ஆலைகளிலும் துறைமுகங்களிலும் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து பல்லாயிரவர் கப்பலேறினர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்குக் கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்தினர். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பர்மாவில் வாழ்ந்த இந்தியர் எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தாண்டியது. இரங்கூன் நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியராகவே இருந்தனர்.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது இந்தியர் பலர் கால்நடையாகவே தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். அவர்கள் நடந்த வழிகளுள் ஒன்று தமு வழியாக இம்பாலை அடைவது. பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டோர் பலர்.

1962 மார்ச்சில் படைத்தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். தொடர்ந்து வணிக நிறுவனங்களும் கடைகளும் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. 1964இல் 50, 100 கியாட் பணத்தாள்கள் செல்லாதனவாக அறிவிக்கப்பட்டன. வாழ்நாள் சேமிப்பை இழந்த இந்தியர் இலட்சக்கணக்கில் வெளியேறினர். சென்னைக்குக் கப்பலில் வந்திறங்கிய தமிழர், அரசு அமைத்த குடியிருப்புகளில் தங்கினர். சென்னைக் கடற்கரை நிலையத்தை அடுத்துள்ள பர்மா பஜார் அவர்கள் வரவின் அடையாளமாக இன்றும் விளங்குகிறது.

தமிழகம் அவர்களுள் பலருக்கு முன்னோர் ஊர். ஆனால், பிறந்த ஊரன்று. பர்மாவிலேயே பிறந்து வளர்ந்த சிலர் நிலவழியாக மீண்டும் அங்குச் செல்ல முயன்றனர். எல்லையில் அவர்கள் தடுக்கப்பட்டனர். முன்னே செல்லவும் வழியின்றிப் பின்னே திரும்பவும் மனமின்றி மோரேயிலேயே அவர்கள் தங்கினர். பர்மிய மொழியும் அந்நாட்டு வணிக முறையும் அறிந்திருந்தமையால் எல்லை வணிகத்தில் விரைவில் காலூன்றினர். தமிழ்ச் சங்கம் நிறுவினர். அங்காள பரமேசுவரிக்குக் கோயில் எழுப்பினர். இட்லியும் தோசையும் மோரேயின் பொது உணவாயின. மோரேத் தமிழரோ மணிப்பூரியும் பர்மியமும் இந்தியும் பேசினர்.

கணக்கெடுப்பு காட்டுவதும் காட்டாததும்

மோரேயில் ஒவ்வோர் இனத்தாரும் எத்தனை பேர் என்பதை ஒரே அட்டவணையில் காண இயலாது. இந்தியக் கணக்கெடுப்பில் ‘இனம்’ என்னும் தனி வினா 2011இல் இல்லை. தாய்மொழி, சமயம், பட்டியலினத்தவரா, பழங்குடியினரா என்பனவே கேட்கப்பட்டன. அவற்றை இணைத்தே இன அமைப்பை உய்த்துணர வேண்டும்.

சான்றாக, மெய்தி மக்களுக்கும் பாங்கல் மக்களுக்கும் தாய்மொழி மணிப்பூரியே. மொழிக் கணக்கை மட்டும் நோக்கினால் இருவரும் ஒருவராகவே தோன்றுவர். சமயக் கணக்கே வேறுபாட்டைக் காட்டும். மாறாக, குக்கி மக்களும் நாகர்களும் பெரும்பாலும் கிறித்தவர். சமயக் கணக்கு அவர்களைப் பிரித்துக் காட்டாது. மேலும், குக்கி என்பது தனியொரு மொழியின் பெயரன்று. தாடோ, வைபே முதலிய குடிப்பெயர்களாலும் மொழிப்பெயர்களாலும் அவர்கள் பதிவு பெறுகின்றனர். தமிழர் தாய்மொழியால் அறியப்படுவர். ஆனால், தம் பிள்ளைகள் வேறு மொழியைத் தாய்மொழியாகக் குறிக்கத் தொடங்கினால் அக்கணக்கும் குறையும்.

> தெரிந்து தெளிவோம்
> மணிப்பூரி மொழி 1992இல், 71ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின்வழி எட்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. மணிப்பூர் 1949இல் இந்தியாவுடன் இணைந்து, 1972 ஜனவரி 21இல் தனி மாநிலமானது.

வணிகம் சேர்த்தது, பூசல் பிரித்தது

1994இல் இந்தியாவும் மியான்மரும் எல்லை வணிக உடன்பாடு செய்துகொண்டன. 1995 ஏப்ரலில் மோரே வழியாக அவ்வணிகம் முறைப்படி தொடங்கியது. எல்லைக்கு அப்பாலுள்ள நம்பலோங் சந்தைக்கு நாள்தோறும் சென்று சரக்கெடுத்து வருவது பல்வேறு சமூகத்தாருக்கும் பிழைப்பாயிற்று. ஒருவரிடம் மூலதனம், மற்றவரிடம் மொழித்திறன், வேறொருவரிடம் வண்டி என ஒருவரையொருவர் சார்ந்தே அவ்வணிகம் இயங்கியது.

ஆயினும், வணிகம் வளர்த்த நெருக்கம் பூசல்களைத் தடுக்கும் அளவுக்கு வலுப்பெறவில்லை. மலைப்பகுதிகளில் பழங்குடியினர் நிலம் பிறர்க்குக் கைமாறுவதற்குச் சட்டம் கட்டுப்பாடு விதித்துள்ளது. தம் நிலம் பறிபோகாதிருக்கப் பழங்குடியினர்க்கு அப்பாதுகாப்பு இன்றியமையாதது. தலைமுறைகளாக வாழ்ந்தும் நிலவுரிமையின்றி நிற்பது ஏனையோரின் கவலை. இரண்டுமே உண்மையான அச்சங்கள். வணிகத்தை ஆள்வது யார் என்னும் போட்டியும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. 1992 முதல் குக்கி, நாகர் மோதல். 1995இல் குக்கி, தமிழர் மோதல் எனத் துயரங்கள் தொடர்ந்தன. அஞ்சிய தமிழர் பலர் தமிழ்நாட்டிற்குப் பெயர்ந்தனர். ஒருகாலத்தில் பல்லாயிரமாய் இருந்த மோரேத் தமிழர் பின்னர்ச் சில ஆயிரமாய்க் குறைந்தனர்.

2020இல் பெருந்தொற்றால் எல்லை மூடப்பட்டது. 2021இல் மியான்மரில் மீண்டும் படையாட்சி ஏற்பட்டது. 2023 மே மாதம் மணிப்பூரில் மூண்ட வன்முறையில் மோரேயில் வீடுகள் எரிந்தன; அங்கு வாழ்ந்த மெய்தி மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். பூசலில் தொடர்பில்லாத தமிழர் வீடுகளும் தீக்கு இரையாயின. இம்பாலில் வாழ்ந்த குக்கி மக்களும் இவ்வாறே தம் வீடுகளை இழந்து மலைப்பகுதிகளுக்கு வந்தனர்.

எண்கள் உணர்த்துவன

2021இல் நிகழவேண்டிய கணக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டமையால், நீண்டகாலம் 2011ஆம் ஆண்டின் எண்களையே மோரேக்கும் சான்றாகக் காட்டவேண்டியதாயிற்று. அவ்வெண்கள் சுட்டும் மோரே வேறு. இன்றைய மோரே வேறு. கணக்கெடுப்பு என்பது ஒரு நாளின் நிலையைப் பதிவு செய்வதேயன்றி, ஊரின் நிலைத்த இயல்பைக் கூறுவதன்று.

பல இனத்தார் அருகருகே வாழ்வதாலேயே நல்லிணக்கம் தோன்றிவிடும் எனக் கொள்வது பொருந்தாது. பல இனத்தார் வாழ்வதாலேயே பகை தோன்றும் என்பதும் பொருந்தாது. நிலத்திற்கும் உயிருக்கும் பாதுகாப்பு, தொழிலில் நேர்மையான பங்கு, பூசல் எழும்போது நடுநிலையோடு செயல்படும் நிருவாகம் ஆகியவை அமைந்த காலங்களில் மோரேயின் மக்கள் ஒரே சந்தையில் வாங்கி விற்று வாழ்ந்தனர். அவை தளர்ந்த காலங்களில் ஊரே பிளவுபட்டது. ஆதலின், ஓர் ஊரில் எந்த இனத்தார் எத்தனை விழுக்காட்டினர் என்று அறிவதோடு நில்லாமல், அவர்கள் எவ்வாறு வந்தனர், எதனால் தங்கினர், எதனால் வெளியேறினர் என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும்.