கூட்டம் நிறைந்த மைதானமும் நொடித்துப்போன கல்லாவும்

கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. சரக்கும் முதல்தரம். விற்பனை முழுவதும் ரொக்கம். கடன் சொல்வார் யாருமில்லை. அப்படிப்பட்ட கடை நொடித்துப்போகுமா? போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பேஸ்பால் குழுவான டாட்ஜர்ஸ், 2011 ஜூன் 27 அன்று திவால் நீதிமன்றத்தில் மனுச் செய்தது. நம் பக்கத்தில் 'மஞ்சள் கடுதாசி' என்போமே, ஏறக்குறைய அதுதான். வணிகர் இதழில் விளையாட்டுச் செய்தி எதற்கு என்று சிலர் கேட்கலாம். இது பந்தையும் மட்டையையும் பற்றியதல்ல, கல்லாப்பெட்டியைப் பற்றியது.

நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்கருக்குப் பேஸ்பால் அப்படி. அங்கே முதல்நிலைக் குழுக்கள் 30. ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாளியோ, பங்குதாரர் கூட்டமோ உண்டு. ஒரு பருவத்தில் ஒரு குழு 162 ஆட்டம் ஆடும். அதில் பாதி, அதாவது 81, சொந்த மைதானத்தில். டிக்கெட், வண்டி நிறுத்தக் கட்டணம், தின்பண்டம், தொலைக்காட்சி உரிமை ஆகியவையே முக்கிய வரவுகள். டாட்ஜர்ஸ் குழு 1958இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தது. 1962இல் திறந்த அதன் மைதானத்தில் 56,000 பேர் உட்காரலாம். 2010ஆம் ஆண்டில் மட்டும் 35 லட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்றது. இதைவிட நல்ல வியாபாரம் எங்கே கிடைக்கும்?

கோளாறு வாங்கிய விதத்திலேயே தொடங்கியது. பாஸ்டன் நகரின் நில வியாபாரியான ஃபிராங்க் மெக்கோர்ட் என்பவர் 2004இல் இக்குழுவைச் சுமார் 43 கோடி டாலருக்கு வாங்கினார். அதில் பெரும்பகுதி கடன். கைமுதல் குறைவாகவும் கடன் அதிகமாகவும் போட்டுத் தொடங்கும் தொழிலில், முதல் நாள் விற்பனையிலிருந்தே வட்டிக்காரருக்குப் பங்கு உண்டு என்பதை நாம் அறிவோம்.

பிறகு அவர் தொழிலைப் பல கம்பெனிகளாகப் பிரித்தார். குழு ஒரு பெயரில், டிக்கெட் வரவு ஒரு பெயரில், வண்டி நிறுத்தும் நிலம் இன்னொரு பெயரில். தன் மைதானத்தைச் சுற்றியுள்ள நிலத்துக்கு, முதலாளியின் இன்னொரு கம்பெனிக்கே குழு வாடகை கட்டியது. வருங்கால டிக்கெட் வரவை ஈடு காட்டியும் கடன் வாங்கப்பட்டது. வரப்போகும் தீபாவளி விற்பனையைச் சித்திரையிலேயே அடகு வைப்பது போன்ற காரியம் இது.

இவையெல்லாம் வெளியே தெரிந்தது எப்படி? 2009 அக்டோபரில் மெக்கோர்ட் தம்பதியர் பிரிந்தனர். விவாகரத்து வழக்கில் இருதரப்பும் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டி வந்தது. குழுவையும் அதைச் சார்ந்த கம்பெனிகளையும் கொண்டு 10 கோடி டாலருக்கு மேல் குடும்பச் செலவுக்குப் போயிருப்பதை அந்தக் காகிதங்கள் காட்டின. பின்னர் பேஸ்பால் லீக் நிர்வாகம், எடுக்கப்பட்ட தொகை 18.9 கோடி டாலர் என்று நீதிமன்றத்தில் குற்றம் சாட்டியது. மெக்கோர்ட் இதை ஏற்கவில்லை. தாம் கொண்டுவந்த தொலைக்காட்சி ஒப்பந்தத்தை லீக் தலைவர் பட் செலிக் நிராகரித்ததால்தான் பணம் முடங்கியது என்பது அவர் வாதம். ஆனால், 2011 ஏப்ரலில் சம்பளம் போடவே 3 கோடி டாலர் கைமாற்று வாங்கும் நிலைக்கு அவர் வந்துவிட்டிருந்தார். அம்மாதமே லீக் தன் சார்பில் மேற்பார்வையாளரை நியமித்தது.

இப்போது ரசிகனைப் பார்ப்போம். அவன்தான் இங்கே வாடிக்கையாளன். அந்தப் பருவத்தின் முதல் நாளான 2011 மார்ச் 31 அன்று, எதிர்க்குழுவின் ரசிகர் ஒருவர் மைதானத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் தாக்கப்பட்டு மூளையில் படுகாயமடைந்தார். காவல் போதவில்லை என்று ரசிகர்கள் குமுறினர். குழுவின் கவனக்குறைவும் ஒரு காரணம் என்று 2014இல் நீதிமன்ற நடுவர்குழு தீர்ப்பளித்தது. ஆட்டக்காரர்களோ குறை வைக்கவில்லை. கிளேட்டன் கெர்ஷா அவ்வாண்டின் சிறந்த பந்தெறிபவருக்கான விருதையே பெற்றார். சரக்கு நன்றாயிருந்தும் டிக்கெட் விற்பனை 29 லட்சத்துச் சொச்சமாகச் சரிந்தது. ஒரே ஆண்டில் 6 லட்சம் டிக்கெட் குறைவு.

ரசிகனின் சங்கடம் வேறு எந்த வாடிக்கையாளருக்கும் வராதது. எடையில் குறைந்தால் அடுத்த கடைக்குப் போகலாம். அப்பா கைப்பிடித்து அழைத்துச் சென்ற குழுவை யாரும் மாற்றிக்கொள்வதில்லை, குலதெய்வம் மாதிரி. புதிதாக ஒரு குழுவை எதிரில் தொடங்கவும் முடியாது. ஏகபோகத் தடைச் சட்டம் பேஸ்பாலைக் கட்டாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922இலேயே தீர்ப்பளித்துவிட்டது. எனவே ரசிகன் கையில் இருந்த ஒரே ஆயுதம் வீட்டில் உட்கார்ந்துகொள்வது. அதைத்தான் அவன் செய்தான்.

திவால் மனுவோடு கடன்காரர் பட்டியலும் வந்தது. முதலிடத்தில் இருந்தவர் மேனி ரமிரெஸ். 2010இலேயே குழுவை விட்டுப் போன ஆட்டக்காரர். அவருக்குப் பாக்கி சுமார் 2.1 கோடி டாலர். 1950 முதல் இக்குழுவின் ஆட்டங்களை வர்ணித்து வந்த வின் ஸ்கல்லி என்ற பெரியவரின் பெயரும் அதில் இருந்தது. ரசிகர்களை மிகவும் நோகச் செய்தது இதுதான்.

முடிவு என்ன தெரியுமா? 2012இல் குழு 215 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. மனைவிக்குத் தர ஒப்புக்கொண்ட 13.1 கோடியும் கடன்களும் போக மெக்கோர்ட்டுக்குப் பெரும் லாபம். வண்டி நிறுத்தும் நிலத்திலும் அவருக்குப் பாதிப் பங்கு நின்றது. அதிக விலை கொடுத்த புதிய முதலாளிகள், 25 ஆண்டுக்கு 835 கோடி டாலர் என்று தொலைக்காட்சி ஒப்பந்தம் போட்டனர். அந்த அலைவரிசைக்கான கட்டணத்தில் மற்ற கேபிள் நிறுவனங்கள் உடன்படாததால், 2014 முதல் 2020 வரை அந்நகரின் பெரும்பாலான வீடுகளில் ஆட்டமே தெரியவில்லை. வின் ஸ்கல்லி 2016இல் ஓய்வு பெற்றார். அவரது கடைசி ஆண்டுகளைப் பலர் பார்க்க முடியாமலே போயிற்று. பிறகு 2020, 2024, 2025 ஆண்டுகளில் குழு பட்டம் வென்றது உண்மை. ஆனால் முதலாளி பட்ட கடனுக்கும் கொடுத்த விலைக்கும் கடைசியில் வட்டி கட்டியவன் ரசிகனே.

இதில் நாம் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. டாட்ஜர்ஸ் வியாபாரத்தில் நொடிக்கவில்லை. வியாபாரம் நொடித்திருந்தால் 215 கோடிக்கு யார் வாங்குவார்? வீட்டுக் கணக்கும் கடைக் கணக்கும் ஒரே கல்லாவில் கலந்ததால் நொடித்தது. சொந்தப் பற்று என்று பேரேட்டில் ஒரு பக்கம் இருப்பது வெறும் சடங்கல்ல. மாதா மாதம் அந்தப் பக்கத்தைக் கூட்டிப் பார்த்து, லாபத்துக்குள் நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். கிடங்கு ஒரு பெயரிலும் கடை ஒரு பெயரிலும் இருந்தால், ஒன்றின் கடனுக்கு மற்றொன்றை ஈடு வைக்குமுன் பங்காளிகள் அனைவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

டாட்ஜர்ஸ் ரசிகன் ஓராண்டு வராமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தான். அவனுக்கு வேறு கடை இல்லை. நம் வாடிக்கையாளருக்கு அடுத்த வாசலிலேயே கடை உண்டு. அவர் குறை சொல்லிக்கொண்டு நிற்கமாட்டார். பேசாமல் படியிறங்கிப் போய்விடுவார்.