பழுதான ரேடார், உறக்கம் கலையாத விமானி: மங்களூர் பாடம் மறந்துபோனதா?

புது தில்லி: விமானங்களுக்கு வழிகாட்டும் சமிக்ஞைகளின் நம்பகத்தன்மை, விமானிகளின் ஓய்வு ஆகிய இரண்டும் 2025 டிசம்பரில் ஒரு வார இடைவெளியில் மாநிலங்களவையில் எழுந்தன. ஆனால், தொடர்பற்ற இரு விவகாரங்களாகவே அவை கையாளப்பட்டன.

தில்லியில் 10-ஆம் எண் ஓடுபாதையை ஜிபிஎஸ் உதவியுடன் நெருங்கிய சில விமானங்களுக்குப் போலி சமிக்ஞைகள் கிடைத்ததை டிசம்பர் 1-ஆம் தேதி எழுத்துமூலம் ஒப்புக்கொண்ட மத்திய அமைச்சர் ராம்மோகன் நாயுடு, தரைவழிக் கருவிகள் இயங்கிய மற்ற ஓடுபாதைகளில் பாதிப்பில்லை என்றார். டிசம்பர் 8-இல், இண்டிகோ விமானங்கள் பெருமளவில் ரத்தானது குறித்து அதே அவையில் விளக்கமளித்தார்.

இவ்விரு குறைகளும் ஒரே விமானத்தைப் பாதித்தால் என்னவாகும் என்பதற்கு மங்களூரே சாட்சி. 2010 மே 22 அதிகாலை துபையிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் உயிரிழந்தனர், எண்மர் தப்பினர். விமானி அறையின் ஒலிப்பதிவில் சுமார் 1 மணி 40 நிமிஷங்களுக்கு உரையாடலே இல்லை. குறட்டை ஒலிதான் இருந்தது. மங்களூர் ரேடாரோ இரு நாள்களாகப் பழுது. அதனால், வழக்கத்தைவிடத் தாமதமாகவே இறங்க அனுமதி கிடைத்தது. விமானம் அதிக உயரத்தில் வருவதை உணர்ந்த துணை விமானி, மீண்டும் மேலெழும்புமாறு மூன்று முறை கூறியும் தலைமை விமானி கேட்கவில்லை. நீண்ட உறக்கத்துக்குப் பிந்தைய மந்தநிலையையும், ரேடார் இல்லாததையும் துணைக் காரணங்களாக விசாரணை நீதிமன்றம் பதிவு செய்தது.

கருவிகளை நம்பித் தரையிறங்குவதில் சோதனைகள் பல உண்டு. நிலையத்தின் மோர்ஸ் அடையாள ஒலியைக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். இறங்கு கோணத்தைக் காட்டும் ரேடியோ அலைக்கு, அதைவிடச் செங்குத்தான போலி அலைகளும் உண்டு என்பதால், தொலைவுக்கேற்ற உயரத்தில்தான் விமானம் உள்ளதா எனவும் பார்க்க வேண்டும். எளிய கணக்குதான், உறக்கம் கலையாத மூளைக்கு அதுவும் பாரம்.

இதை ஏற்றே, வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தியும், இரவில் தரையிறங்குவதை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தும் 2024 ஜனவரியில் விதிகள் வகுக்கப்பட்டன. அவை முழுமையாக அமலாக 2025 நவம்பர் 1 ஆயிற்று. அதுவும் விமானிகள் நீதிமன்றம் சென்ற பிறகு. ஐந்தே வாரங்களில், இண்டிகோவுக்கு இரவுப் பணி வரம்புகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளிக்கப்பட்டது.